கயிறு மாறிய கவரிகள்

பெரும்பனி வருடம், கம்பளி கத்தரிக்கும் மாதம், நான்காம் நாள்
கருங்கயிற்றார் முகாம், வெந்நீர் ஊற்று

செங்கயிற்றுக்காரிக்கு,

உன் பெயர் எனக்குத் தெரியாது. உப்பு விற்க இரண்டு பக்கமும் வந்து போகிற உப்புக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து எழுதுகிறேன். நெற்றியில் தழும்பு உள்ளவள், ஆற்று வளைவில் மூன்றாவது கூடாரம் என்றார். நீதான் என்றால் மேலே படி.

நான்கு நாள் முன்பு எங்கள் ஆட்கள் உங்கள் ஆற்றுத் துறையில் இறங்கி முப்பத்தொரு கவரி மாடுகளை ஓட்டி வந்தார்கள். அது உனக்கே தெரியும். எங்கள் கூடாரத்துக்கு ஒன்பது வந்திருக்கின்றன, கழுத்தில் உங்கள் செங்கயிற்றை அவிழ்த்து எங்கள் கருங்கயிற்றைக் கட்டியாயிற்று. ஒன்பதும் மடி கல்லாகி நிற்கின்றன. காம்பைத் தொட்டால் உதைக்கின்றன. எங்கள் பாட்டு எதையும் காதில் வாங்கவில்லை. வாங்காது என்று எனக்கும் தெரியும். ஈரக்கன்றாக இருந்தபோது கேட்ட பாட்டைத் தவிர வேறெதற்கும் கவரி சுரக்காது, அந்தப் பாட்டு நாற்பது நாள் காதில் விழாவிட்டால் புல்லை விட்டுப் படுத்துவிடும். அதற்குத்தானே சட்டம் வைத்திருக்கிறார்கள். ஓட்டிப் போனவன் வீட்டுப் பெண் கேட்டால், பறிகொடுத்தவள் பாட்டை எழுதி அனுப்ப வேண்டும். கேட்கிறேன். அனுப்பு.

போன மாதம்வரை இந்தக் கடிதமெல்லாம் என் மாமியார் எழுதுவார். பனியில் போய்விட்டார். இது என் முதல் கடிதம், தப்பிருந்தால் பொறுத்துக்கொள். "கெஞ்சி எழுதாத, கேட்டு எழுது" என்றார் என் கணவர் கிதான். அவருக்கு எழுத்து தெரியாது. ஆண்களில் யாருக்குத்தான் தெரியும்? அதனால் நான் எப்படி எழுதினேன் என்பது நமக்குள் இருக்கட்டும். மடியில் ஆறு மாதப் பிள்ளை இருக்கிறான். எனக்கும் பால் பற்றவில்லை. கொஞ்சம் சீக்கிரம்.

சல்கா
கிதானின் மனைவி


அதே மாதம், ஒன்பதாம் நாள்
ஆற்று வளைவு

சல்காவுக்கு,

நான்தான் அந்தத் தழும்புக்காரி. பெயர் ஓர்மே. அடுத்த முறை தழும்பை விட்டுவிட்டுப் பெயரைப் போடு.

முதலில் சட்டத்தை முடித்துவிடுகிறேன். ஒன்பது பாட்டும் தனித்தோலில் எழுதியிருக்கிறேன். மெட்டு உங்களுடையதேதான், சொல்தான் வேறு. சொல்லை மாற்றாதே. அழகுபடுத்துகிறேன் என்று எதையும் சேர்க்காதே. வெள்ளைக்காதிக்கு "வெயில் தின்ற வயிறே வா, வெண்ணெய் ஒளித்த மடியே வா" என்று இரண்டு தடவை பாடினால் போதும். கோணக்கொம்பிக்கு முழுப்பாட்டும் வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் மறுபடி முதலிலிருந்து. இடது காலால் உதைப்பாள். பக்கத்தில் ஒற்றைக்கண்ணியைக் கட்டாதே, இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாம்பல் நிறத்தவளுக்குப் பின்வலது காம்பில் புண். வெண்ணெயில் அடுப்புக்கரியைக் குழைத்துப் போடு. இழுக்காதே, பிழி.

சட்டம் முடிந்தது. இனி என் வழக்கு. உங்கள் ஆட்கள் கவரியோடு என் செம்புப் பானையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பானையை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கடைந்து வைத்திருந்த மோரைக் குடித்துவிட்டு மத்தையும் முறித்துப் போட்டிருக்கிறான் ஒருவன். திருட வந்தவன் திருடிவிட்டுப் போக வேண்டும். விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்துகொள்ளக் கூடாது.

என் கணவர் தாபுன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. "நம்மள்த ஓட்டிட்டுப் போனவளுக்கு உக்காந்து பாட்டு எழுதிக் குடுக்கிறியே, வெக்கமா இல்ல?" என்றார். "கட்டிக்காக்கத் தெரியாதவரு பேசக் கூடாது. உங்க கோவத்துக்கு அதுங்க சாவணுமா?" என்றேன். அதற்குத்தான் இந்த மௌனம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

பத்து வயதில் ஒருமுறை பாட்டில்லாமல் செத்த கவரிகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் ஓட்டி வந்தவை. யாரோ ஒருத்தி வீம்புக்குப் பாட்டை மறுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகக் கூடார வாசலில் வந்து நின்று என் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பாவம் என் கையால் நடக்காது.

உன் பிள்ளைக்கு வெள்ளைக்காதியின் பாலைக் கொடு. இளம் வயிற்றுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். என் மகன் ஜூரன் அதைக் குடித்துத்தான் நடந்தான். இப்போது நான்கு வயது. கூடாரத்தைத் தவிர எல்லாவற்றையும் உடைத்துவிட்டான்.

பானையை மறக்காதே.

ஓர்மே


வெட்டுக்கிளி வருடம், உருகும் மாதம், இருபதாம் நாள்
வெந்நீர் ஊற்று

ஓர்மே அக்காவுக்கு,

உங்கள் அடுப்பு எரியட்டும். எங்கள் அடுப்பும் எரிகிறது, ஆனால் மேலே வைக்க ஒன்றுமில்லை. உங்கள் ஆட்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அக்கா என்று எழுதியதற்குக் கோபிக்க வேண்டாம். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் உங்கள் சொற்களைப் பாடியிருக்கிறேன். வேறு எப்படி அழைப்பது என்று தெரியவில்லை.

உங்களுடையவை எல்லாம் திரும்பி வந்திருக்கும். எங்களுடையவை பதினொன்றும் சேர்ந்து வந்திருக்கும். அவற்றுக்கான பாட்டு இந்தத் தோலில் இருக்கிறது. நீங்கள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. சட்டம் பொறுத்திருக்கும், மடி பொறுத்திருக்காது. கோணக்கொம்பி இங்கே இரண்டு கன்று போட்டாள். அவற்றுக்கு நான் கட்டிய பாட்டு கடைசியில் இருக்கிறது. என் தொண்டைக்குத் தகுந்தபடி கொஞ்சம் தாழ்வாகக் கட்டியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

ஓட்டிப் போனபோது கோணக்கொம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் மூச்சு வாங்காமல் பாடினேன். நன்றி கெட்டவள். என் பிள்ளை பார்கைதான் வெள்ளைக்காதிக்காக மூன்று நாள் அழுதான். அவன் அழுததில் நானும் கொஞ்சம் அழுதேன்.

கிதானுக்குத் தோள் எலும்பு விலகிவிட்டது. படுத்துக்கொண்டே, "வர்ற வருஷம் பாத்துக்கறேன்" என்கிறார். கையைத் தூக்கித் தலை சொறிய முடியவில்லை, அதற்குள் வரும் வருடம்.

உங்கள் பானையை உப்புக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பக்கத்தில் உள்ள நசுங்கல் என் மாமனார் கைங்கரியம். வெட்கமாக இருக்கிறது.

அன்புடன்,
சல்கா


அதே வருடம், காய்ந்த புல் மாதம், இரண்டாம் நாள்
ஆற்று வளைவு

சல்கா,

மூன்று மாதமாகப் பதில் இல்லை என்று நினைத்திருப்பாய். உன் பாட்டுகள் வந்த அன்றே வேலை செய்துவிட்டன. பதினொன்றும் சுரக்கின்றன. கன்றுகளின் பாட்டைப் பாடும்போது எனக்குத் தொண்டை அடியில் இழுக்கிறது, ஆனாலும் நல்ல பாட்டுத்தான். அதைச் சொல்லத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கவரிகளை ஓட்டி வந்த அந்தச் சவாரியில் தாபுன் தொடையில் அம்பு வாங்கிக்கொண்டு வந்தார். குதிரையை விட்டுத் தானே இறங்கினார். "சின்ன காயந்தான், மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத" என்றார். நீ அனுப்பிய பானை வந்த அன்று அதில்தான் காயம் கழுவ வெந்நீர் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் போய்விட்டார்.

யாருடைய அம்பு என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருந்தாலும் எழுதாதே. தெரிந்துகொண்டால் அடுத்த முறை பாட்டு எழுத உட்காரும்போது மனம் அதிலேயே நிற்கும். சொல் தப்பிவிட்டால் பாவம் அந்த ஜீவன்கள் என்ன செய்யும்?

உடலைக் கற்களால் மூடி முடிக்கும் முன்பே என் மைத்துனர் பழிவாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜூரனும் ஆட்டினான். ஆறு வயது. நான் அவன் தலையைப் பிடித்து நிறுத்தினேன். எத்தனை நாளைக்குப் பிடிக்க முடியும், சொல்.

மனசு விட்டுப்போயிருக்கிறது. உன்னிடம் சொன்னால் தேவலை என்று தோன்றியது. அங்கே இருப்பவளிடம் போய்ச் சொல்கிறேனே என்று எனக்கே விசித்திரமாக இருக்கிறது. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் வாளைத் தீட்டுகிறார்கள்.

கிதானின் தோளுக்கு உப்பு ஒத்தடம் கொடு.

ஓர்மே


இரட்டை வெள்ள வருடம், காய்ந்த புல் மாதம், பதினோராம் நாள்
கருங்கயிற்றார் குளிர்கால முகாம்

அன்புள்ள ஓர்மே அக்காவுக்கு,

உங்கள் அடுப்பு எரியட்டும். நீங்கள் அனுப்பிய தயிர்க்கட்டி வந்தது. உப்புக்காரர் வழியில் பாதியைத் தின்றுவிட்டாரா, இல்லை நீங்களே அவ்வளவுதான் அனுப்பினீர்களா என்று தெரியவில்லை. இரண்டில் எது என்று எழுதுங்கள், அதற்கேற்ப யாரையாவது திட்டிக்கொள்கிறேன்.

இந்தப் பதினைந்து வருடத்தில் நம் கவரிகள் ஏழு முறை கயிறு மாறிவிட்டன. எங்கள் கறுப்புக் கயிற்றை அவிழ்த்து உங்கள் சிவப்புக் கயிற்றைக் கட்டுவதும், சிவப்பை அவிழ்த்துக் கறுப்பைக் கட்டுவதுமாக அவற்றின் கழுத்தில் மயிரே இல்லை. "வாங்க, நேரமாச்சு" என்று கூப்பிட்டால் அவையே ஆற்றைக் கடந்து வந்துவிடும் போல. ஆட்கள்தான் ஒவ்வொரு முறையும் சாகிறார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது, எழுபது போல எழுந்து உட்காருகிறேன். சோர்வாக இருக்கிறது அக்கா.

ஒன்று யோசித்தேன், திட்டாதீர்கள். நாம் இருவரும் பாட்டு அனுப்பாமல் இருந்தால் என்ன? ஓட்டி வந்ததெல்லாம் செத்துப்போனால் எதற்காக ஓட்டப் போகிறார்கள்?

அது கிடக்கட்டும். எழுத வந்தது வேறு. பார்கைக்குப் பதினாறு ஆகப்போகிறது. உருகும் மாதத்தில் முதல் சவாரி. எதிர்க்கயிற்றிலிருந்து ஒரு கவரியாவது தன் கையால் ஓட்டி வராதவனுக்கு பிள்ளைப்பெயரை மாற்றிச் சூட்டும் ஆண்பெயர் கிடையாது, கட்டிக்கொள்ளப் பெண்ணும் கிடையாது, உங்களிடமும் அப்படித்தானே. எனக்குத் தங்கியது அவன் ஒருவன்தான். போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "போகாம இருந்தா சாகற வரைக்கும் என்னை எப்படிக் கூப்பிடுவாங்க? டேய்னா?" என்கிறான்.

உங்கள் துறையில் காவல் நிற்பது ஜூரன் என்று எங்கள் ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள். பறக்கிற வாத்தில் எந்தச் சிறகு என்று சொல்லிவிட்டு அடிப்பானாம். அதைக் கேட்டதிலிருந்து பார்கையின் தொப்பியையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த நாள் வருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அது துரோகம். ஆனால் பார்கையின் தொப்பி உச்சியில் வெள்ளைக் கம்பளிக் குஞ்சம் ஒன்று தைத்து அனுப்புகிறேன். வேறு யாருக்கும் அப்படி இருக்காது. அந்தக் குஞ்சத்தைக் கண்டால் ஜூரன் அம்பைக் கொஞ்சம் தள்ளி விட முடியுமா? கவரி போனால் போகட்டும், நாளைக்கே உங்களுக்குத் திரும்பி வரும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரிகிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள்,
சல்கா


அதே வருடம், முதல் பனி மாதம், ஏழாம் நாள்
ஆற்று வளைவு

என் தங்கச்சி சல்காவுக்கு,

தயிர்க்கட்டி முழு மூட்டை அனுப்பினேன். உப்புக்காரரைத் திட்டு.

பாட்டை நிறுத்துவது என்னால் ஆகாது. நான் பார்த்தவள். பசியால் சாவது வேறு. இது அப்படி இல்லை. நாம் வாயைத் திறப்போம் என்று நம்பிக்கொண்டே சாகும். அதை இன்னொரு முறை சொல்லாதே.

ஜூரனிடம் பேசிவிட்டேன். சுலபமாக இல்லை. "அம்மா, கொள்ளையடிக்க வர்றவனுக்கு அடையாளம் பாத்து அம்பு விடணுமா? அப்பறம் மோர் சூடு பண்ணிக் குடுத்து அனுப்பச் சொல்லுவ" என்றான். "குடுத்தாலும் தப்பில்ல, வெள்ளைக்காதி பால் குடிச்சு வளந்த பய அவன்" என்றேன். "அப்ப எனக்குத் தம்பியா?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் வில்லின் நாணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "அவனுக்கும் அப்பா இல்லியா?" என்று கேட்டான். இருக்கிறார் என்றேன். "சரி, அந்தக் குஞ்சத்த நல்லாத் தெரியற மாதிரி தைக்கச் சொல்லு" என்றான்.

அவனுக்கு இருபது வயது. மூன்று பேரைக் கொன்றிருக்கிறான், அதில் ஒருவனைத் தூக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். யாரையாவது கொல்லாமல் விடச் சொல்லி நான் கேட்டது அவனுக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அம்மாக்காரிக்குத் தெரியும்.

பெரிய குஞ்சமாகத் தை. மூடுபனியிலும் தெரிய வேண்டும்.

உன் அக்கா,
ஓர்மே


அடுத்த வருடம், உருகும் மாதம், இருபத்தாறாம் நாள்
வெந்நீர் ஊற்று

அக்கா,

நான் எழுதாவிட்டால் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

பார்கை திரும்பி வந்துவிட்டான். ஒரு கவரியைத் தன் கையால் ஓட்டி வந்தான். முகாம் எல்லையில் நின்று பார்த்தேன், தலையில் அவன் அப்பாவின் தொப்பி இருந்தது. கிதான் பின்னால் வந்தார். குஞ்சம் வைத்த தொப்பி அவர் தலையில் இருந்தது.

சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா. முதல் சவாரியில் முதல் மேடு தாண்டியதும் அப்பனும் மகனும் தொப்பியை மாற்றிக்கொள்வார்களாம். சாவு மகனைத் தேடி வந்தால் அப்பனிடம் வந்து நிற்கட்டும் என்று. பெண்களிடம் சொல்லக் கூடாதாம். தங்களுக்குள்ளும் பேச மாட்டார்களாம், அப்பன் சொல்லித்தான் மகனுக்கே தெரியுமாம். பார்கை வந்த பிறகுதான் சொன்னான். பதினேழு வருடம் அவரோடு ஒரே கம்பளியில் படுத்திருக்கிறேன், இந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போனது.

அன்று மாலை கிதான் அடுப்படியில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னார். "வில்ல முழுசா இழுத்துட்டு நிக்கிறான். நேரா அவன் மேலயே குதிரைய விட்டேன். என்னப் பாத்தான். பாத்துட்டு வில்லத் தாழ்த்திட்டான். பயந்துட்டான் பய. ஒரே வெட்டு." எல்லோரும் சிரித்தார்கள். கறி பரிமாறிக்கொண்டிருந்தேன். சட்டியைக் கீழே போடவில்லை. எப்படிப் போடாமல் இருந்தேன் என்று தெரியவில்லை.

ஜூரன் பயந்தவன் இல்லை என்று எழுந்து சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவன் பயப்படவில்லை அக்கா. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

நாற்பத்தாறு கவரிகள் வந்திருக்கின்றன, எல்லாம் உங்கள் மந்தை. பாட்டு கேட்டு எழுதச் சொல்லிக் கிதான் வாசலில் நிற்கிறார். நான் கேட்கவில்லை. கேட்டு எழுதிவிட்டேன் என்று அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை.

சல்கா


அதே வருடம், கம்பளி கத்தரிக்கும் மாதம், மூன்றாம் நாள்
ஆற்று வளைவு

சல்கா,

உன்மேல் கோபமா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். காலையில் இருக்கிறது. மாலைக்குள் போய்விடுகிறது. மறுநாள் காலையில் மறுபடி இருக்கிறது.

தொப்பி மாற்றும் வழக்கம் எங்களிடமும் உண்டு. என் மைத்துனர் நேற்றுத்தான் வாய் திறந்தார். ஜூரனின் முதல் சவாரியில் அவனோடு தொப்பி மாற்ற அப்பா இல்லை. அதனால் அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. தெரிந்திருந்தால் அந்தக் குஞ்சத்துக்கு அடியில் இருக்கும் முகத்தைப் பார்த்திருப்பான். என் கணவரைக் கொன்ற அம்புதான் பதினான்கு வருடம் கழித்து என் மகனையும் கொன்றிருக்கிறது.

உட்கார்ந்து யோசிக்க எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. சமைத்துப் போட ஆள் இல்லை. யோசித்ததைச் சொல்கிறேன். வீரத்தை நம்பி அவர்கள் குதிரை ஏறவில்லை சல்கா. நம் இரக்கத்தை நம்பித்தான் ஏறுகிறார்கள். இங்கே ஒருத்தி இருக்கிறாள், எவ்வளவு அழுதாலும் உட்கார்ந்து பாட்டை எழுதி அனுப்பிவிடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தோமோ அவ்வளவுக்குச் சவாரி நடந்தது. காம்புப் புண்ணுக்கு மருந்து சொன்னேன், கன்றுக்குப் பாட்டுக் கட்டினாய், எல்லாம் அதில் போய்ச் சேர்ந்தது. நீ முன்பே சொன்னாய். நான்தான் வாயை மூடச் சொன்னேன். அப்போதே கேட்டிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பான்.

பாட்டு அனுப்பப் போவதில்லை.

ஆனால் அந்த நாற்பத்தாறில் பாதிக்கு மேல் ஏற்கெனவே உன்னிடம் இருந்தவை. அவற்றின் பாட்டு உனக்கு மனப்பாடம். நீ பாடினால் என்னால் தடுக்க முடியாது. பாடாதே என்று கேட்கிறேன். நீ ஒரு தடவை என்னிடம் கேட்டாய், நான் முடியாது என்று சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் உங்களுடையதை ஓட்டி வந்தால் நீயும் அனுப்பாதே. என் நாக்கில் இருப்பதை நானும் விழுங்கிக்கொள்கிறேன்.

அவை வாசலில் வந்து நிற்கும். உள்ளே போய்விடாதே, வெளியிலேயே நில். பார்க்காமல் சாகவிட்டால் அது பெரிய துரோகம். படுத்ததும் கத்தி வைத்துவிடு, இழுக்கவிடாதே. கறியை உப்புப் போட்டுக் காயவை.

இதற்குப் பதில் எழுதாதே. நீ எழுதினால் நான் எழுதிவிடுவேன். எழுத உட்கார்ந்தால் பாட்டும் வந்துவிடும். என்னை எனக்குத் தெரியும்.

ஓர்மே


அதே வருடம், வாத்து திரும்பும் மாதம், முதல் நாள்
வெந்நீர் ஊற்று

ஓர்மே அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். முடிந்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் வந்து நின்றன. நானும் நின்றேன். பத்தாம் நாள் கிதான், "பாடுடி. உனக்குத்தான் பாதிப் பாட்டு தெரியுமே" என்றார். மறந்துபோச்சு என்றேன். "நேத்து வரைக்கும் முணுமுணுத்துட்டுத் திரிஞ்ச?" என்றார். நேற்றோடு மறந்துபோச்சு என்றேன். கையை ஓங்கினார். அடிக்கவில்லை. முகாமில் பங்கு கிடைத்த மற்றப் பெண்கள் வந்து கேட்டார்கள், காலைப் பிடித்தார்கள், இரண்டு பேர் முகத்தில் துப்பிவிட்டுப் போனார்கள். இப்போது ஊற்றில் நான் தண்ணீர் மொண்டால் அவர்கள் மொள்வதில்லை.

முப்பதாம் நாளுக்கு மேல் ஒரு காலையில் பார்கை தான் ஓட்டி வந்த கவரியின் பக்கத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தான். நான் கறக்கும்போது என் முதுகில் சாய்ந்து வளர்ந்தவன், அவனுக்கு எல்லாப் பாட்டும் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அது காதை நிமிர்த்திவிட்டது. ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். கையைக் கடித்தான். விடவில்லை. அப்படியே பொத்திக்கொண்டு குஞ்சத்தின் கதையை அவன் காதில் சொன்னேன், முதலிலிருந்து.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தேன். "அவரு பேரு ஜூரனா?" என்றான். ஆமாம் என்றேன். "எனக்குக் குடுத்த ஆண்பேரச் சொல்லி இனிமே கூப்பிடாதீங்கம்மா. டேய்னே கூப்பிடுங்க" என்றான். அதற்குப் பிறகு பாடவில்லை. அது படுக்கும்வரை அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். கத்தியும் அவன்தான் வைத்தான்.

நாற்பத்தாறும் போய்விட்டன. நேற்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். "பொணத்த ஓட்டிட்டு வர்றதுக்கா உசுரக் குடுத்துட்டுப் போறது?" என்று ஒருவர் கேட்டார். கிதான் எழுந்து போய்க் குதிரையின் சேணத்தை அவிழ்த்தார். வரும் வருடம் சவாரி இல்லை. அதற்கடுத்த வருடம் தெரியாது. பாட்டு வராது என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பதினாறு வருடத்தில் உங்களை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் என் அம்மாவை விட உங்களிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். இப்போது உங்கள் கவரி எதுவும் எங்களிடம் இல்லை, எங்களுடையது உங்களிடம் இல்லை. இனி உங்களுக்கு எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை அக்கா. அதற்காகத்தானே இத்தனையும் செய்தோம்.

சல்கா